குறை சொல்லாத வயிறு

அந்த அக்காவின் வாயிலிருந்து ஒரே ஒரு குறையை வாங்கிவிட வேண்டும் என்று நான் கொல்லிமலையில் இருந்த காலமெல்லாம் முயன்றிருக்கிறேன். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். அங்கே ஒருவருக்குச் சாப்பாடு போட்டால் முதல் வாயிலேயே தீர்ப்பு வந்துவிடும். உப்புக் கூடினால் கூடிப்போச்சு என்பார்கள், கூடவே நம் அம்மா அதை எப்படி வைப்பாள் என்பதையும் ஞாபகப்படுத்துவார்கள். அந்தப் பழக்கத்தோடு, கால்நடை ஆய்வாளர் வேலைக்கு மலையேறிய எனக்கு, எடப்புளி நாடு என்ற மலையூரில் கிடைத்த வீட்டுக்காரம்மா இவர். வீட்டை ஒட்டிக் கட்டியிருந்த அறையை எனக்கு விட்டிருந்தார்கள். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னேன் என்று தெரிந்தால் அதையும் நல்லா இருக்குதுங்க என்றுதான் சொல்வார்.

போன புதிதில், ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டில் குழம்பு வைத்து ஒரு கிண்ணம் கொடுத்தேன். கிண்ணத்தைக் கழுவித் திருப்பிக் கொடுக்க வந்தவர், "நல்லா இருந்துதுங்க சார்" என்றார். அதற்குப் பிறகுதான் நான் சாப்பிட உட்கார்ந்தேன். கருவாட்டு உப்பு போதாதென்று குழம்புக்கும் தனியாக அள்ளிப் போட்டிருக்கிறேன், வாயில் வைக்க முடியவில்லை. நேராக அவர்கள் வாசலுக்குப் போய், "அக்கா, இதை எப்படிக்கா சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன்.

"ஒரு கரண்டிக் கொழம்புக்கு ஒரு வட்டல் சோறு எறங்குச்சுங்க. நல்லதுதானுங்களே" என்றார்.

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. கேலி இல்லை என்றும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்றைக்குத் தொடங்கிய குழப்பம் இன்னும் என்னை விட்டபாடில்லை.

அவர்களுடைய ஆடுகளில் ஒன்றுக்கு இடது கண் தெரியாது. அவருடைய உறவுக்காரர் ஒருவர் நல்ல ஆடு என்று தலையில் கட்டிவிட்டிருந்தார். சோதித்துப் பார்த்துவிட்டு, "உங்களை நல்லா ஏமாத்திட்டாங்கக்கா, இது ஒத்தைக் கண்ணு" என்றேன். அவர் ஆட்டின் முதுகைத் தடவிக்கொண்டே, "ஆமாங்க. அதனால எடப்பக்கத்துப் பில்ல மத்த ஆட்டுக்கு உட்டுட்டு வந்துருதுங்க. தங்கமான ஆடுங்க" என்றார். கணவருடைய தம்பி, மரவள்ளி போட்டிருந்த அவர்கள் காட்டில் வரப்பைத் தள்ளிப் போட்டு ஒரு பாத்தி அளவுக்கு உள்ளே வந்துவிட்டார். அதற்கும் இவர் சொன்னது, அவரு வெள்ளாம நல்லா வெக்கிறாருங்க என்பதுதான். அதைச் சொல்லும்போது கையிலிருந்த களைக்கொத்தை எதற்கோ ஓங்கித் தரையில் போட்டார். அது கோபமா, வேலை முடிந்த அலுப்பா என்று எனக்குத் தெரியாது.

கணவர் இதற்கு நேர் எதிர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். மழை பெய்தால் மழையைத் திட்டுவார், பெய்யாவிட்டால் வானத்தைத் திட்டுவார், டீயில் சர்க்கரை குறைந்தால் தெருவுக்கே கேட்கும். "இவகூடக் குடும்பம் நடத்தறதுங்க சார், கெணத்துல கல்லப் போட்டுட்டுச் சத்தம் வருமான்னு காதக் குடுத்துக்கிட்டு நிக்கிற மாதிரிங்க" என்று ஒரு நாள் என்னிடம் நொந்துகொண்டார். அப்போதும் அக்கா உள்ளிருந்து சிரித்தார்.

வயிறு உப்பத் தொடங்கியதையும் அவர் அப்படித்தான் எடுத்துக்கொண்டார். சேலையைக் கொஞ்சம் மேலே ஏற்றிக் கட்டினார். "இப்பத்தான் சோறு ஒடம்புல ஒட்டுதுங்க" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. மனிதர்களைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தோளும் முதுகும் இளைத்து வயிறு மட்டும் தொங்கினால் ஆட்டை நான் சும்மா விடமாட்டேன். அண்ணனிடம் சொன்னேன். அவர் போட்ட கூச்சலில்தான் அக்கா மலையிலேயே இருக்கும் செம்மேட்டுக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். அங்கிருந்து நாமக்கல், நாமக்கல்லிலிருந்து கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. வயிற்றில் ஊசி போட்டுத் தண்ணீரை இறக்கினார்கள், துளி சதையை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு முறையும் நானும் துணைக்குப் போனேன். நான் ஆட்டு டாக்டர், ஆகவே எனக்கு எல்லாம் விளங்கும் என்று இருவரும் நம்பினார்கள். ஆஸ்பத்திரியிலும் அப்படியே நினைத்துக்கொண்டு என்னைப் பார்த்தே பேசினார்கள்.

எனக்கு விளங்கியது இவ்வளவுதான். வயிற்றுக்குள் குடல், கல்லீரல் எல்லாவற்றையும் போர்த்திக்கொண்டு மெல்லிய சவ்வு ஒன்று இருக்கிறது. புற்று குடலிலும் இல்லை, கல்லீரலிலும் இல்லை, அந்தப் போர்வையிலேயே வந்திருந்தது. லட்சத்தில் ஒருவருக்கு வந்தாலே அதிகம் என்றார் டாக்டரம்மா. முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருப்பார், பேசும்போது பேனாவை மூடி மூடித் திறப்பார். ஆஸ்பெஸ்டாஸ் கம்பெனியில் வேலை பார்த்ததுண்டா என்று கேட்டார். அக்கா மிளகுக் காட்டையும் ஆட்டையும் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை. அண்ணன் மட்டும், "ஆட்டுக் கொட்டாய்க்கு அந்த அட்டைதான் போட்டிருக்குதுங்க" என்றார். அதனால்தான் என்று சொல்ல முடியாது, காரணமே தெரியாமலும் வரும் என்றார் டாக்டரம்மா. அண்ணன் காதில் பின்பாதி ஏறவே இல்லை. ஊர் திரும்பியதும் கடப்பாரையை எடுத்து அட்டையை எல்லாம் அடித்து நொறுக்கிவிட்டார். அடுத்த முறை போனபோது டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டு, அது சும்மா கிடந்தால்கூடப் பரவாயில்லை, உடைத்தால்தான் தூசி பறக்கும் என்றார். அண்ணன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று தன்னையே திட்டிக்கொண்டார். ஆடுகள் மழையில் நனைந்தன.

அபூர்வமான வியாதி என்று கேட்டதும் அக்கா சொன்னதை நான் மறக்கமாட்டேன். "அப்ப நம்ம ஊர்ல வேற யாருக்கும் வராதுங்களா? நல்லதுங்க."

எனக்கு அழுகைக்குப் பதில் எரிச்சல்தான் வந்தது. வியாதிக்குக்கூட ஒரு நல்ல வார்த்தை வைத்திருக்கிறாரே என்று எரிச்சல்.

சிகிச்சையை இரண்டு கட்டமாகத் திட்டமிட்டார்கள். முதலில் இம்யூனோதெரபி, மூன்று வாரத்துக்கு ஒரு முறை, இரண்டு மருந்துகளைச் சேர்த்து நரம்பு வழியாக ஏற்றுவது. கட்டி சுருங்கினால், பிறகு அறுவை சிகிச்சை. வயிற்றைத் திறந்து அந்தச் சவ்வை உரித்தெடுத்து, சூடாக்கிய மருந்தை உள்ளே விட்டுக் கழுவி எடுப்பார்களாம். இரண்டையும் இப்படிச் சேர்த்துச் செய்வது புதிது, ஆராய்ச்சியில் சேர்க்கிறோம், பலன் எப்படி இருக்கும் என்று எங்களுக்கே முழுசாகத் தெரியாது என்று டாக்டரம்மா ஒளிக்காமல் சொன்னார். அவருக்கே தெரியாது என்றதும் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. அக்காவுக்கு அவர்மேல் மதிப்பு ஏறிவிட்டது.

"இந்த மருந்து புற்றை நேரா அடிக்காதும்மா" என்று டாக்டரம்மா அவருக்கு விளக்கினார். "உங்க உடம்புலயே காவல் இருக்கு. அது இந்தக் கட்டியைப் பார்த்தும் பார்க்காத மாதிரி படுத்துக் கிடக்கு. மருந்து அதை எழுப்பி விடும். எழுந்த காவல் கள்ளனைப் பிடிக்கும். ஆனா சில நேரம் வீட்டு ஆளையும் சேர்த்து அடிச்சிரும். அதனால வயித்துப்போக்கு, மூச்சுத்திணறல், தோல்ல அரிப்பு எது வந்தாலும் அன்னைக்கே சொல்லணும். சொல்வீங்களா?"

"சொல்றேனுங்க" என்றார் அக்கா. அவர் ஒத்துக்கொள்ளாத விஷயம் என்று ஒன்றை நான் பார்த்ததே இல்லை.

முதல் முறை மருந்து ஏற்றியபின் ஒன்றும் ஆகவில்லை. இரண்டாவது முறைக்குப் பிறகு வயிறு கொஞ்சம் வற்றியது போலத் தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் வாராவாரம் போனில் கூப்பிட்டு விசாரிப்பார். ஏதாவது தொந்தரவு உண்டா என்ற கேள்விக்கு அக்காவின் பதில் எனக்கு அறைச் சுவரைத் தாண்டிக் கேட்கும். "நல்லா இருக்குதுங்க. நீங்க நல்லா இருக்கீங்களா? சாப்ட்டீங்களா கண்ணு?"

இங்கே அந்த வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மிளகு பறிப்பு முடிந்ததும் ஒரு முறை, ஆடி மாதத்தில் ஒரு முறை, வீட்டில் எல்லோரும் பேதிக்குக் குடிப்பார்கள். விளக்கெண்ணெயில் ஏதோ ஓர் இலையை அரைத்துக் கலந்து விடியலில் குடித்துவிட்டால், அன்று முழுக்கக் கஞ்சித் தண்ணீரும் மோரும்தான். எத்தனை முறை போகிறதோ அவ்வளவு நல்ல மருந்து. உடம்பில் சேர்ந்த கெட்டது எல்லாம் அடித்துக்கொண்டு போகிறது என்று அர்த்தம். இன்னொன்றும் உண்டு. போகிறது என்பதை வாய்விட்டு யாரிடமும் சொல்லக் கூடாது. சொன்னால் நின்றுவிடும், கெட்டது பாதியில் தங்கிவிடும். முதல் ஆடியில் இது தெரியாமல் நான் அண்ணனிடம் என்ன விசேஷம், வீடே அமைதியாக இருக்கிறதே என்று கேட்கப்போய், அவர் வாயில் விரலை வைத்து என்னை விரட்டினார்.

மூன்றாவது முறை மருந்து ஏற்றி வந்தபின் அக்கா வெளியே அதிகம் வரவில்லை. மழைக்காலம், யாரும்தான் வெளியே வரவில்லை. ஒரு நாள் காலையில் ஆட்டுக்குப் பூச்சி மருந்து கேட்டு என் வாசலுக்கு வந்தார். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் உள்ளே போயிருந்தது, உதடு காய்ந்து வெடித்திருந்தது. ஆனால் முகத்தில் திருவிழாவுக்குப் போய்வந்த களை.

"என்னக்கா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு ரகசியமாகச் சொன்னார். "நல்ல மருந்துங்க சார். எல்லாம் அடிச்சுக்கிட்டுப் போவுதுங்க. இத்தன நாளா உங்ககிட்டச் சொல்லல. இப்ப வெறுந் தண்ணியாத்தான் போவுதுங்க, கெட்டதெல்லாம் முடிஞ்சிருச்சாட்ட இருக்குது."

எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. டாக்டரம்மா எச்சரித்த வயிற்றுப்போக்கு இதுதான் என்று பிறகுதான் உறைத்தது. கழிச்சல் கண்ட கன்றுக்குட்டிக்கு நாங்கள் கழுத்துத் தோலைக் கிள்ளித் தூக்கிப் பார்ப்போம். விட்டதும் தோல் உடனே படிந்துவிட்டால் பயமில்லை, தூக்கினபடியே நின்றால் உடம்பில் தண்ணீர் இல்லை. "கையைக் காட்டுங்கக்கா" என்று சொல்லி அவர் புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டேன். அது அப்படியே நின்றது. வயதானவர்களுக்கு அப்படி நிற்கத்தான் செய்யுமோ, மனிதருக்கு இந்தக் கணக்கு பொருந்துமோ என்று எனக்கே சந்தேகம். ஆனால் சந்தேகப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். மருந்து, மாத்திரை எதையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள், உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்து உடனே கூட்டி வாருங்கள், குடல் ஓட்டையாகிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம் என்றார் டாக்டரம்மா.

ஜீப்பில் இறங்கினோம். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் வண்டியை நிறுத்தச் சொல்ல அவருக்குக் கூச்சம். நெற்றியில் வியர்வை பூத்ததைப் பார்த்து நானே நிறுத்தச் சொல்வேன். அண்ணன் ஒரு சேலையை விரித்து மறைவு கட்டிக்கொண்டு ரோட்டோரம் நிற்பார், போகிற வருகிற வண்டிகளைத் திட்டுவார். திட்டுக்கு நடுவே அவர் குரல் உடைந்துவிட்டது. "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லடி" என்று சேலைக்கு அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டார். "சொன்னா நின்னு போயிருமில்லீங்க" என்று பதில் வந்தது.

குடல் முழுக்கப் புண்ணாகி வீங்கியிருந்தது. எழுந்த காவல் வீட்டு ஆளைத்தான் அடித்துக்கொண்டிருந்தது. இம்யூனோதெரபியை நிறுத்தி, அந்தக் காவலை அடக்க ஸ்டீராய்டு ஏற்றினார்கள். எழுப்புவதற்கும் ஒரு மருந்து, அடக்குவதற்கும் ஒரு மருந்து. இரண்டும் ஒரே உடம்புக்குள் என்ன பேசிக்கொள்ளுமோ என்று நான் வராந்தாவில் உட்கார்ந்து யோசித்து யோசித்துத் தலைவலி கண்டதுதான் மிச்சம். கொஞ்சம் தேறியதும் டாக்டரம்மா அவரைக் கண்டித்தார். எத்தனை தடவை சொன்னேன், ஏன் மறைத்தீர்கள் என்றார்.

"மறைக்கலீங்க. நீங்க இத்தன பேரு பாடுபட்டுக் குடுத்த மருந்து. அதப் போயி எப்படீங்க குறை சொல்றது?"

டாக்டரம்மா பேனாவை மூடினார், திறந்தார், அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

ஸ்டீராய்டை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்த வாரங்கள் ஆயின. அதன் பிறகு எடுத்த ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. ஆனால் திட்டமிட்டபடி எல்லா முறையும் மருந்து ஏறவில்லை. இப்போது ஆபரேஷன் செய்வதா, கூடாதா என்ற கேள்வி வந்தது. பெரிய ஆபரேஷன், மேஜையிலேயே உயிர் போகவும் வாய்ப்புண்டு. செய்யாமல் வேறு மருந்தில் கொஞ்ச காலம் ஓட்டலாம், ஆனால் அது குணமாக்காது. இரண்டையும் பொறுமையாகச் சொல்லிவிட்டு, உங்களுக்கு எது வேணும் என்று கேட்டார் டாக்டரம்மா.

"உங்களுக்கு எது தோதுங்களோ அதச் செய்யுங்க" என்றார் அக்கா.

"எனக்குத் தோது இல்லம்மா. வயிறு உங்களோடது. உங்களுக்கு என்ன வேணும்னு நீங்க சொல்லாம நான் கத்தி எடுக்கச் சொல்ல மாட்டேன்."

அக்கா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். டாக்டரம்மா எங்கள் இருவரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார். உள்ளே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நெடுநேரம் கழித்துக் கதவு திறந்தது. ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "என்னடி சொன்ன?" என்று அண்ணன் பஸ்ஸில் வழியெல்லாம் நச்சரித்தார். "அந்தம்மா ரொம்ப நல்லவங்க" என்பதற்கு மேல் பேச்சில்லை. அக்காவின் கண்ணிமை மட்டும் தடித்திருந்தது.

ஆபரேஷன் காலையில் தொடங்கிப் பொழுது சாயும்வரை நடந்தது. அண்ணன் அன்று யாரையும் திட்டவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நன்றாக முடிந்தது என்றார்கள். எடுத்த சவ்வைச் சோதித்துப் பார்த்ததில் புற்று அணுக்களில் பெரும்பகுதி ஏற்கெனவே செத்துப்போயிருந்ததாம். அதைச் சொல்லும்போது டாக்டரம்மாவின் முகம் பூரித்திருந்தது. என் மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேவிட்டேன். "மேடம், அப்படின்னா கெட்டது போகுதுன்னு அவங்க நினைச்சது சரியா? குடலைக் கெடுத்த காவல்தான் கட்டியையும் கொன்னுதா?"

அவர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "ரெண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்து வர்றதைப் பார்க்கிறோம். எல்லாருக்கும் அப்படி இல்ல. தொந்தரவே இல்லாம மருந்து கேட்கிறவங்களும் உண்டு, தொந்தரவு மட்டும் வந்து செத்துப்போறவங்களும் உண்டு. இவங்க விஷயத்துல எது எதுக்குக் காரணம்னு என்னால சொல்ல முடியாது. தயவுசெய்து இதை அவங்ககிட்டச் சொல்லிராதீங்க."

அவர் கேட்டுக்கொண்டதன் நியாயம் எனக்குப் புரிந்தது. அக்கா நினைத்தது தப்பு, ஆனால் முழுத் தப்பு இல்லை. பாதி சரி என்று அவருக்குத் தெரிந்தால் போதும், அடுத்த முறை சத்தமில்லாமல் செத்துப்போவார். அடுத்த முறை என்று ஒன்று இருக்கவும் இருந்தது. கண்ணுக்குத் தெரியாமல் மிச்சம் மீதி இருந்தால் அதற்காக, குடலைப் புண்ணாக்கியது என்று சந்தேகப்பட்ட மருந்தை விட்டுவிட்டு, மற்றதை மட்டும் சில மாதம் கழித்து மறுபடி தொடங்கப் போகிறார்கள். அதிலும் அதே ஆபத்து குறைந்த அளவில் உண்டு.

வார்டில் அவரைப் பார்க்கப் போனேன். வயிற்றில் மேலிருந்து கீழ்வரை தையல், அசைந்தால் உயிர்போகும். "வலிக்குதாக்கா?" என்றேன்.

"நல்லா இருக்குதுங்க." பிறகு கையால் என்னைக் கிட்டே கூப்பிட்டார். "கெட்டது பாதி செத்துத்தான் கெடந்துதாமுங்களே. அப்ப அன்னைக்குப் போனது நல்லதுக்குத்தானுங்களே சார்?"

எனக்கு வந்ததே கோபம். அத்தனை பேர் படுத்திருக்கும் வார்டு என்றும் பார்க்காமல் கேட்டேன். "ஆட்டுக்குக் கழிச்சல் வந்தா என்ன செய்வீங்க?"

"உங்களக் கூப்புடுவேன்."

"உங்களுக்கு வந்தா?"

"நான் ஆடு இல்லீங்களே சார்."

"ஆடா இருந்திருந்தா இந்தப் பாடு பட்டிருக்க மாட்டீங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்று சொன்னால் அவர் உயிருக்கு ஆபத்து, இல்லை என்று சொல்ல எனக்கே நிச்சயமில்லை.

அடுத்த வருடம் எனக்குத் தூத்துக்குடிப் பக்கமே மாற்றல் வந்தது. கிளம்பும்போது அண்ணனிடம் ஒன்றே ஒன்றைத்தான் கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். மருந்தைத் திரும்பத் தொடங்கும்போது அக்காவின் பேச்சை நம்பாதீர்கள், கண்ணால் பாருங்கள் என்றேன். அண்ணன் தன் வழியில் ஏற்பாடு செய்தார். பின்பக்கம் இருந்த கக்கூஸ் கதவில் ஆட்டுக் கழுத்து மணி ஒன்றைக் கட்டிவிட்டார். கதவு திறந்தால் மணி அடிக்கும். மரத்தில் ஏறி மிளகு பறித்துக்கொண்டிருந்தாலும் காது மட்டும் வீட்டில் இருக்கும். போனில் இதைப் பெருமையாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பும் வந்தது, அந்தப் பெண்ணின் மானத்தை நினைத்து வருத்தமாகவும் இருந்தது. அக்காவிடம் கொடுங்கள் என்றேன்.

"என்னக்கா, கதவுல மணி கட்டியிருக்காராமே?"

"ஆமாங்க. சத்தம் நல்லா இருக்குதுங்க."

இதற்கு மேல் நான் என்ன செய்ய? மருந்தைத் தொடங்கினார்கள். முதல் முறை ஒன்றுமில்லை என்று அண்ணன் சொன்னார். அடுத்ததற்கும் ஒன்றுமில்லை. அதன் பிறகு எனக்கும் வேலை கூடியது, கூப்பிடுவது குறைந்தது. கூப்பிட்டாலும் அவர் வாயிலிருந்து என்ன வரும் என்று தெரிந்த சலிப்பு ஒரு காரணம்.

ஒரு நாள் முற்பகல், கோமாரித் தடுப்பூசி முகாமில் ஒரு எருமையின் பக்கத்தில் ஊசியோடு நின்றுகொண்டிருந்தேன். போன் அடித்தது. கொல்லிமலை எண்.

"சாருங்களா? நாந்தானுங்க."

அவராக என்னைக் கூப்பிட்டதே கிடையாது. அண்ணன்தான் கூப்பிட்டு அவரிடம் கொடுப்பார்.

"என்னக்கா? அண்ணனுக்கு ஏதும்..."

"அவரு நல்லாத்தான் இருக்காருங்க. நேத்தும் இன்னைக்கும் பக்கத்துக் காட்டுல மிளகு மெதிக்கப் போயிட்டாருங்க. மணிச் சத்தம் அவருக்குக் கேக்கலீங்க." போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "சார், எனக்கு நல்லா இல்லீங்க."

"என்ன சொன்னீங்க?"

"நல்லா இல்லீங்கன்னேன். நேத்துல இருந்து வயிறு ஓடுதுங்க. சுருட்டிச் சுருட்டி வலிக்குது. காலைல ரத்தமாட்டத் தெரிஞ்சுது. இந்த மருந்து எனக்கு ஒத்துக்கலீங்க சார்."

எருமைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ரத்தம் என்றதற்குப் பயந்துதான் அழுதேன் என்று சொல்லிக்கொள்ளலாம், ஆனால் அது மட்டுமில்லை. இத்தனை வருடம் காத்துக் கிடந்தது கிடைத்திருந்தது. சந்தோஷப்படுவதா, நடுங்குவதா என்று தெரியாமல் ஊசியை யார் கையிலோ கொடுத்துவிட்டு வேப்பமரத்தடிக்கு வந்தேன்.

"அக்கா, டாக்டரம்மாகிட்ட இப்பவே சொல்லணும். நான் பேசுதேன். நீங்க அண்ணனைக் கூப்பிட்டு ஜீப்புக்கு..."

"டாக்டரம்மாகிட்ட நானே சொல்லிட்டேனுங்க. வரச் சொல்லிட்டாங்க. அவரையும் ஆள் உட்டுக் கூட்டியாந்து ஜீப்புலதானுங்க உக்காந்திருக்கேன், பாதி மலை எறங்கியாச்சு." பின்னால் அண்ணன் யாரையோ திட்டுவது கேட்டது. வளைவு வந்திருக்க வேண்டும், அக்காவின் குரல் விட்டு விட்டு வந்தது. "இந்த டிரைவரு வண்டியத் தூக்கித் தூக்கிப் போடறாருங்க சார். மெதுவாப் போங்க, எனக்கு வலிக்குதுன்னு அவருகிட்டயும் சொல்லிட்டேன்."